நோவுரைக்கும் சொற்கள்

விறைத்த மூட்டை அசையச் செய்தும், வலுவிழந்த தசையைப் பயிற்சியால் தேற்றியும், நடை மறந்த காலுக்கு மீண்டும் நடை பழக்கியும் நோயாளரை மீட்கும் மருத்துவத் துறையை ஆங்கிலத்தில் பிசியோதெரபி என்பர். தமிழில் அதற்கு இயன்முறை மருத்துவம் என்னும் பெயர் வழங்குகிறது. இயல் என்பதும் முறை என்பதும் புணருங்கால் லகரம் னகரமாய்த் திரிந்து இயன்முறை ஆயிற்று என்பதைத் தமிழாசிரியர்க்குச் சொல்ல வேண்டுவதில்லை. ஆயினும், கிள்ளானில் மருத்துவமனை வாயிலில் அமர்ந்திருக்கும் ஒரு முதியவரிடம் அப்பெயரைச் சொல்லி வழி கேட்டால் அவர் விழிப்பார். "எக்சசைஸ் செய்ற எடம்" என்றால் உடனே கை நீட்டிக் காட்டுவார். மலாய் மொழியில் இப்பணியாளர்க்கு ஜுருபுலே என்றொரு பெயருண்டு. ஜுரு என்பது தொழில் வல்லவரையும், புலே என்பது நலம் மீளுதலையும் குறிக்கும். மீட்க வல்லார் என்று பொருள்படும் அப்பெயரே மூன்றனுள்ளும் செறிவுடையது எனலாம். 2016-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 2020-இல் நடைமுறைக்கு வந்த துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின்கீழ் மலேசியாவில் இவர்கள் பதிவு பெற்றே தொழில் புரிதல் வேண்டும்.

இத்துறைக்கும் பிற மருத்துவத் துறைகளுக்கும் இடையே அடிப்படையான வேற்றுமை ஒன்று உண்டு. அறுவை மருத்துவத்தில் நோயாளி மயக்கத்தில் கிடப்பார். அவர் பேச வேண்டியதில்லை. மாத்திரையோ, பெயரும் குணமும் அறியாமல் விழுங்கினாலும் தன் வேலையைத் தானே செய்யும். இயன்முறை மருத்துவத்தில் அவ்வாறு நிகழாது. நோயாளி வாரத்தில் ஒருநாளோ இருநாளோ அரைமணி நேரம் மருத்துவர் முன்னிலையில் இருப்பார். எஞ்சிய நாளெல்லாம் வீட்டில், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் நாற்காலிக்கும் இடையே, தாமே காலை நீட்டவும் மடக்கவும் வேண்டும். எதை, எத்தனை முறை, எவ்வளவு நோவு வரையில் செய்வது என்பதை அவர் சொல்லாகவே வீட்டுக்குக் கொண்டு போகிறார். அச்சொல் பிறழ விளங்கியிருந்தால், கொண்டு போன மருந்தே பிறழ்ந்தது என்றுதான் கொள்ள வேண்டும். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என நான்கு உறுப்பாக மருந்தை வகுத்தார் வள்ளுவர். இந்நான்கையும் ஒன்றோடொன்று பிணைப்பது மொழி. அம்மொழி கிள்ளான் பள்ளத்தாக்கில் எவ்வாறு இயங்குகிறது என்று காண்பது பயனுடையது.

இங்கு இயன்முறை மருத்துவத்தை நாடிவரும் தமிழ் முதியவர்களுள் பலர் தோட்டத்தில் உழைத்தவர்கள். விடியுமுன் பிரட்டுக்குப் போய், நிரை நிரையாக மரம் வெட்டி, கீழ்க்கோட்டில் குனிந்தும் மேல்கோட்டில் அண்ணாந்தும் உளி இழுத்து, பால் நிறைந்த வாளிகளைக் காண்டாவில் தோளேற்றி மேடும் பள்ளமும் நடந்தவர்கள். பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது குலை சுமந்தவர்கள். கேரித் தீவு போன்ற இடங்களில் செம்பனை இன்றும் நிற்கிறது. ஆனால் கிள்ளானையும் சுபாங்கையும் சுற்றியிருந்த பல தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. மரம் வெட்டியவர்களோ அடுக்குமாடிகளில் படியேற மாட்டாத முழங்காலோடு வாழ்கின்றனர். அவர்களை ஏற்று நடத்தும் இயன்முறை மருத்துவர் மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம். தமிழராகவே இருப்பினும், ஆங்கிலத்தில் பயின்ற இளைஞராய் இருப்பார். இவ்விருவருக்கும் இடையில் நோவு என்ற ஒன்று உண்டு. அதைக் காணவோ அளக்கவோ கருவி கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல்லே சான்று.

வலி என்ற சொல்லையே முதலில் நோக்குவோம். பண்டைத் தமிழில் வலி என்பது பெரிதும் வலிமையையே குறித்தது. திருக்குறளின் நாற்பத்தெட்டாம் அதிகாரமாகிய வலியறிதல் அரசன் தன் வலிமையையும் மாற்றான் வலிமையையும் எடைபோடுவது பற்றியதே அன்றி உடல்நோவைப் பற்றியதன்று. துன்பத்தைக் குறிக்க நோய், நோவு, நோதல் ஆகிய சொற்கள் இருந்தன. இன்றோ வலி என்பது எல்லா நோவுக்கும் பொதுப்பெயராகிவிட்டது. பொதுப்பெயர் ஒன்றுக்குப் பழகிவிட்டால் சிறப்புப்பெயர்கள் மெல்ல மறையும். ஆனால், தோட்டத்து முதியவர்கள் நாவில் அச்சிறப்புப்பெயர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு பாட்டியை "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டுவிட்டுச் சற்றே பொறுமையுடன் இருந்தால், வலி என்ற சொல்லே இல்லாத விடை ஒன்று வரும். "முட்டி குடையுதுய்யா, ராத்திரியானா கெண்டைக்கால் ஒளையுது, குறுக்கு பிடிச்சுக்கிட்டு நிமிர முடியல" என்பார். ஒரே மூச்சில் மூன்று வெவ்வேறு நோவுகளைப் பெயர் சொல்லிப் பிரித்துக் காட்டிவிட்டார்!

குடைச்சல் என்பது துளைக்கருவி குடைவதுபோல் மூட்டின் உள்ளே ஆழத்தில் இருந்து வருவது. உளைச்சல் என்பது உழைத்துக் களைத்த தசை விடாமல் நச்சரிப்பது. நடந்த நடையும் நின்ற நிலையும் அதன் காரணம். பிடிப்பு என்பது அசையவொட்டாமல் தசை இறுகிக்கொள்வது. சுளுக்கு, புரண்டதாலோ திரும்பியதாலோ நேர்வது. கடுப்பு நீடித்து நின்று கடுக்கும். குத்தல் ஒரு புள்ளியில் விழும், விட்டுவிட்டு வரும். தெறிப்பு துடிப்போடு சேர்ந்தது. சீழ் கோத்த இடமும் வீங்கிய இடமும் தெறிக்கும். எரிச்சல் தோலிலோ நரம்பிலோ தீப்பட்டதுபோல் இருப்பது. சுண்டி இழுப்பது என்றால் இடுப்பில் தொடங்கிக் காலின் வழியே ஓடுவது. மதமதப்பு நோவே அன்று. உணர்ச்சி மங்கிய நிலை. இவற்றோடு இரட்டைக்கிளவிகளும் சேர்கின்றன. விண்விண் என்று தெறிப்பதும், சுருக்சுருக்கென்று குத்துவதும், திகுதிகு என்று எரிவதும் இரட்டைக்கிளவி நடத்தும் ஆசிரியர்க்கு நல்ல எடுத்துக்காட்டுகள். பாடநூலில் வரும் சலசல, கலகலக்களைக் காட்டிலும் மாணவர் மனத்தில் நன்றாய் ஒட்டக்கூடியவை.

இவை வெறும் சொல்லழகு என்று எண்ணிவிடலாகாது. கனடா நாட்டு மாண்ட்ரியல் நகரில், மக்கில் பல்கலைக்கழகத்து உளநூற் பேராசிரியர் ரொனால்டு மெல்சாக், 1975-இல் ஒரு வினாப்பட்டியலை வெளியிட்டார். நோவை வருணிக்க நோயாளிகள் ஆங்கிலத்தில் ஆளும் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கினார். துடித்தல், குத்தல், அறுத்தல், எரிதல், பிழிதல் என ஒவ்வொரு தொகுதியும் ஒருவகை நோவைச் சுட்டும். தொகுதிக்குள் மென்மையிலிருந்து கடுமைக்குச் சொற்கள் ஏறிச் செல்லும். நோவு எவ்வளவு என்பதோடு எத்தகையது என்றும் கேட்க வேண்டும் என்பது அவர் கொள்கை. எரிச்சலும் சுண்டி இழுத்தலும் நரம்பு பாதிக்கப்பட்டிருக்கக் கூடும் என்பதைக் காட்டும். குடைச்சலும் காலை எழுந்ததும் வரும் விறைப்பும் மூட்டின்பால் கருத்தைத் திருப்பும். உளைச்சல் தசையை நோக்கிச் செல்லும். மருத்துவர் இதனை மட்டும் கொண்டு முடிவு கட்டமாட்டார். எனினும் எங்கே தேடுவது என்பதற்கு இதுவே முதல் விளக்கு. மெல்சாக் தேடித் திரட்டி அடுக்கியதைப் போன்றதொரு சொல்வளத்தைத் தோட்டத்து மூதாட்டி எவரும் கற்பிக்காமலே கையாள்கிறாள்.

அவ்வளம் மொழி மாறும்போது என்னவாகிறது? மூதாட்டி குடைச்சல், உளைச்சல், குத்தல் என்று மூன்றும் சொல்ல, உடன்வந்த பேரன் மூன்றையும் "சாக்கிட்" என்ற ஒரே மலாய்ச் சொல்லில் அடக்கிவிடுகிறான். அச்சொல் நோய்க்கும் வலிக்கும் பொதுவானது. ஆங்கிலத்தில் சொல்வதாயின் "பெயின்" என்பதோடு நிறுத்திக்கொள்வான். குற்றம் மலாய் மொழியினுடையது அன்று. அம்மொழியில் களைத்த தசையின் உளைச்சலுக்கு லெங்கு என்றும், மரத்துப்போவதற்குக் கெபாஸ் என்றும், எலும்பும் பல்லும் கூசி நோவதற்கு ஙிலு என்றும் தனித்தனிச் சொற்கள் உள்ளன. (தமிழில் மொழிமுதலாக வர அரிதினும் அரிதான ஙகரம் அங்கே எவ்வளவு இயல்பாக முன்னிற்கிறது பாருங்கள்.) இரு கரையிலும் சொல் இருக்கிறது, நடுவில் நிற்கும் பேரனிடத்தில்தான் பாலம் இல்லை. அவன் மூதாட்டியின் தமிழையும் முழுதாய் அறியான்; மருத்துவரின் மலாயில் உள்ள நுட்பத்தையும் நினையான்.

உறுப்புகளின் பெயர்களிலும் இடர் உண்டு. கை என்றால் தோள் முதல் விரல்நுனி வரை. கால் என்றால் தொடை முதல் கால்விரல் வரை. ஆங்கிலம் இவற்றை இரண்டிரண்டாகப் பிரிக்கிறது. "கால் வலிக்குது" என்பதைப் பாதத்து நோவாகக் கொண்டு ஒருவர் பாதத்தையே ஆராய்ந்துகொண்டிருக்க, நோவு முழங்காலில் இருக்கலாம். இடுப்பு என்பதோ இன்னும் விரிந்தது. நடுமுதுகுக்குக் கீழும், பக்கத்திலும், தொடை சேரும் மூட்டும் ஆகிய மூன்றும் பேச்சில் இடுப்பே. முதுகெலும்பின் அடிப்பகுதியில் வரும் நோவுக்கும் தொடைமூட்டு நோவுக்கும் பயிற்சியே வேறு. இங்கு நல்ல இயன்முறை மருத்துவர் செய்வது எளிய செயல்: "ஒரே விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பார். விரல் பொய் சொல்லாது. உள்ளங்கை முழுவதையும் வைத்துத் தடவிக் காட்டினால் நோவு பரந்தது என்றும், விரல் காலின் வழியே கீழிறங்கினால் ஓடுவது என்றும் அதிலேயே விளங்கும்.

நரம்பு என்ற சொல் மற்றொன்று. ஆங்கில மருத்துவம் நெர்வ் என்பதற்கு நாம் நரம்பு என்கிறோம். ஆனால் பேச்சுவழக்கில் இரத்தம் ஓடும் நாளமும், எலும்போடு தசையைப் பிணைக்கும் நாணும்கூட நரம்புதான். வீணையின் தந்தியையும் நரம்பு என்ற பழந்தமிழர்க்கு இது பிழையாய்ப் பட்டிராது. மலாயிலும் ஊராட் என்ற ஒரு சொல் இம்மூன்றையும் தழுவி நிற்கிறது. அதுபோலவே காற்று. பக்கவாதம், முடக்குவாதம், கீல்வாதம் என்று மூட்டிலும் கைகாலிலும் வரும் நோய்களையெல்லாம் வாதத்தின்மேல், அதாவது உடலில் ஓடும் வாயுவின்மேல், ஏற்றினர் நம் மருத்துவ முன்னோர். மலாய்க்காரர் பக்கவாதத்தை அங்கின் அஹ்மார் என்பர். சிவந்த காற்று என்பது அதன் பொருள். மூளைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்பட்டோ குழாய் வெடித்தோ வருவதே அந்நோய் என்று இன்றைய அறிவியல் கூறும். எனினும் "வாயு பிடிச்சிருக்கு" என்று சொல்லும் முதியவரை இளம் மருத்துவர் நகைத்துத் திருத்தப் புகுந்தால், அவர் வாயை மூடிக்கொள்வார். அடுத்த முறை வரவும் மாட்டார். வாயு என்று அவர் எதைச் சொல்கிறார், அது நகர்கிறதா, நிற்கிறதா, எப்போது வருகிறது என்று அவர் சொல்லைக் கொண்டே வினவுவது அறிவுடைமை. மலாய் மருத்துவருக்கு அது புதிதாயும் இராது.

மொழிபெயர்க்கும் பிள்ளையைப் பற்றி மேலும் சொல்ல வேண்டியுள்ளது. கிள்ளான் தெங்கு அம்புவான் ரஹிமா மருத்துவமனையிலும், கோலாலம்பூர்ப் பெரிய மருத்துவமனையிலும், இன்னும் எந்த மருத்துவமனையிலும், தாயை மகன் அழைத்து வருவது இயற்கை, பாராட்டுக்கும் உரியது. ஆனால் தாய் மகனிடம் சொல்லாத செய்திகள் உண்டு. முதுகுத்தண்டின் அடியில் குதிரை வால்போல் விரிந்து கிடக்கும் நரம்புக் கற்றை நெருக்கப்பட்டால், உட்காரும் இடத்திலும் தொடையின் உட்புறத்திலும் மதமதப்பு உண்டாகும். சிறுநீர் அடைபடும் அல்லது அறியாமல் போகும். உடனே மருத்துவமனை சேர்ந்து அறுவை செய்துகொள்ளாவிட்டால் அக்குறை வாழ்நாள் முழுதும் நிலைத்துவிடக்கூடும். முதுகுவலி என்று வரும் ஒவ்வொருவரிடமும் இதைக் கேட்டே தீர வேண்டும் என்பது இத்துறையின் விதி. அந்தக் கேள்வி மகன் வாய்வழியே போய், நாணத்தோடு மகன் வாய்வழியே திரும்பி வந்தால் விடை பெரும்பாலும் "அதெல்லாம் ஒன்னுமில்ல" என்பதாகவே இருக்கும். ஒரு தமிழ்த் தாதியோ பணிப்பெண்ணோ, திரைக்கு இப்பால் மகனை நிறுத்திவிட்டுத் தனியே கேட்டால் உண்மை வெளிவரும். "மரத்துப் போச்சு" என்ற சொல்லையும் இங்கே துருவிக் கேட்க வேண்டும். தொட்டால் தெரியவில்லை என்பதற்கும், தூக்க வலுவில்லை என்பதற்கும் அந்த ஒரே தொடரைத்தான் பலர் சொல்கின்றனர். முன்னது உணர்ச்சிக் குறை. பின்னது வலுக் குறை. மருத்துவர்க்கு இரண்டும் வெவ்வேறு செய்திகள்.

கேட்பதற்கு நேரம் வேண்டும் என்பர் சிலர். அமெரிக்காவில் பெக்மன், பிராங்கல் என்னும் இருவர் 74 மருத்துவச் சந்திப்புகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டனர். நோயாளி தம் குறையைச் சொல்லத் தொடங்கியபின் சராசரி 18 நொடிகளில் மருத்துவர் குறுக்கிட்டுவிட்டார் என்றும், நூற்றுக்கு 23 சந்திப்புகளில் மட்டுமே நோயாளி தம் முதற்பேச்சை முடிக்க முடிந்தது என்றும் அவர்கள் கண்டனர். நம் முதியவர்கள் கதையாகவே குறையைச் சொல்வர். மருமகள் பேறுகாலம், விழுந்த படிக்கட்டு, தைப்பூசத்தன்று பத்துமலையில் ஏறிய படிகள் எல்லாம் வந்த பிறகே முழங்கால் வரும். அதில் வீண் என்று தள்ளத் தக்கது குறைவு: எப்போது விழுந்தார், எத்தனை படி ஏற முடிந்தது, வீட்டில் உதவிக்கு யார் என்பவை அத்தனையும் அதனுள் அடங்கிக் கிடக்கும்.

எண்ணால் அளப்பது இன்னொரு வழி. மலேசியச் சுகாதார அமைச்சு 2008 முதல் நோவை ஐந்தாம் உயிர்க்குறியாகக் கொண்டு, நாடி, மூச்சு, வெப்பம், இரத்த அழுத்தம் இவற்றோடு அதனையும் குறிக்கச் செய்தது. சுழியம் என்றால் நோவு இல்லை. பத்து என்றால் தாங்கொணாத நோவு. ஏற்ற முறைதான். ஆயினும் பள்ளிக்கூடத்தில் பத்துக்குப் பத்து என்றால் பாராட்டு என்று பழகிய செவிக்கு இந்த அளவுகோல் தலைகீழாய் இருக்கிறது. மேலும், வாழ்நாளெல்லாம் நோவை வெளிக்காட்டாமல் வேலைக்குப் போன பெண், எண் கேட்டால் மூன்று என்பாள். முழங்காலோ வீங்கி நிற்கும். "நேற்று ராத்திரி எத்தனை முறை எழுந்தீர்கள்? கடைக்குப் போகையில் எத்தனை இடத்தில் நின்றீர்கள்?" என்று கேட்டால் கிடைக்கும் எண் அதைவிட உண்மையானது.

இனி, மருத்துவர் சொல்லும் சொற்களுக்கு வருவோம். இவற்றுள் மிகுந்த தீங்கு செய்வது தேய்மானம் என்ற ஒன்று. "எலும்பு தேஞ்சு போச்சு", "ஜவ்வு வெலகிருச்சு" என்னும் இரண்டையும் கேளாத தமிழ் முதியவர் இல்லை எனலாம். செருப்பும் தேயும், வண்டிச் சக்கரமும் தேயும். தேய்ந்ததைப் பயன்படுத்தினால் மேலும் தேயும் என்பது யாவரும் அறிந்த உலகியல். ஆகவே முழங்கால் தேய்ந்தது என்று கேட்டவர், நடையைக் குறைத்து நாற்காலியில் அமர்ந்துவிடுகிறார். அவர் செய்வது அந்தச் சொல்லுக்கு முற்றும் பொருத்தமானதே! பிழை சொல்லில் இருக்கிறது. மூட்டு செருப்பன்று, உயிருள்ள உறுப்பு. அளவாக அசைத்தால் அதற்கு ஊட்டம் சேர்கிறது. சுற்றியுள்ள தசை வலுத்துத் தாங்குகிறது. அசையாமல் வைத்தால் தசை மெலிந்து நோவு கூடுகிறது. முதுகெலும்புத் தட்டுகளைப் பற்றி 2015-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, முதுகுவலியே இல்லாத 3,110 பேருடைய படங்களைக் கணக்கில் எடுத்தது. இருபது வயதினரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதினரில் நூற்றுக்கு 96 பேருக்கும் தட்டுகளில் மாற்றம் காணப்பட்டது. நோவு இல்லாதவர்க்கே இவ்வாறெனில், படத்தில் தெரிவதெல்லாம் நோவின் காரணம் என்று அஞ்ச வேண்டியதில்லை. தலைமுடி நரைப்பதுபோல் தட்டும் மூப்படைகிறது என்று ஒரு தொடர் சொன்னால் அச்சம் பாதி நீங்கும். நரை கண்டு எவரும் படுக்கையில் விழுவதில்லை.

பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பது ஆசிரியத் தொழிலே ஆகும். "புரிந்ததா?" என்று வகுப்பில் கேட்டால் "புரிந்தது ஐயா" என்று நாற்பது குரல் எழும், தேர்வில்தான் உண்மை தெரியும். மருத்துவரிடமும் அப்படியே. மதிப்பினால் தலை ஆட்டுவர். அதுவும் தமிழரின் பக்கவாட்டுத் தலையாட்டல் ஆம் என்பதா அல்ல என்பதா என்று பிற இனத்து மருத்துவர் குழம்புவது உண்டு. ஆகவே கற்பித்ததைத் திரும்பச் செய்து காட்டச் சொல்வதே முறை. "வீட்டுக்குப் போய் மகளுக்கு எப்படிச் சொல்லுவீங்க? எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று கேட்டால், தேர்வு என்ற அச்சமும் இல்லை, பிழையும் அங்கேயே திருந்தும். எண்ணிக்கையையும் நம் வழக்கோடு இணைக்கலாம். நாளில் மூன்று முறை என்பதைக் காட்டிலும் மூன்று வேளை என்பது மனத்தில் நிற்கும். சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் பழகிய சொல் அது. காலைப் பசியாறுமுன் பத்து முறை, பகலுணவுக்குமுன் பத்து முறை என்று சொல்லிவிட்டால் கடிகாரமும் வேண்டா.

நோவோடு செய்வதா, நோவில்லாமல் செய்வதா என்பது நோயாளி கேளாமல் விடும் கேள்வி. கேட்காமலே பயிற்சியைக் கைவிடுவதற்கும் காரணம் அதுவே. சுருங்கிய தசையை நீட்டும்போது ஓர் உணர்ச்சி உண்டாகத்தான் செய்யும். அதையும் வலி என்றே சொன்னால், நோயாளி அஞ்சி நிறுத்துவார். அல்லது வலித்தால் நல்லது என்று எண்ணிக் குத்தலையும் பொறுத்துக் கேடு தேடுவார். தமிழில் இதற்குச் சொற்குறை இல்லை. "இழுக்கிற மாதிரி இருக்கும், அது சரி, குத்தினாலோ, கீழே சுண்டி இழுத்தாலோ நிறுத்திவிடுங்கள், மறுநாள் கொஞ்சம் அசதியாக இருக்கும், அது போய்விடும்" என்று மூன்று சொற்களில் எல்லை வகுத்துவிடலாம். ஆங்கிலத்தில் படித்த தமிழ் இளைஞர் இம்மூன்றையும் தம் பாட்டியிடம் கற்றுக்கொள்ளலாம், கல்லூரியில் கிடைக்காது.

விளிக்கும் முறையும் மருந்தின் பகுதியே. "காலை நீட்டு, மடக்கு" என்று மருத்துவர் கட்டளையிட்டால், கங்காணிக்கும் மண்டோருக்கும் கீழ்ப்படிந்து வாழ்ந்தவர் கீழ்ப்படிவார். மனம் வைக்க மாட்டார். "நீட்டுங்கம்மா" என்ற ஒரு விகுதியில் எவ்வளவோ மாறுகிறது. மலாய் மருத்துவர் மக்சிக் என்றும், சீன மருத்துவர் ஆன்ட்டி என்றும் அழைப்பதில் குறையொன்றும் இல்லை. முறைப்பெயர் எம்மொழியில் வந்தாலும் நெருக்கமே. தொடுவதற்குமுன் சொல்லிவிட்டுத் தொடுதல் அதனினும் இன்றியமையாதது. முதுகைச் சோதிக்க ஆடையை விலக்க வேண்டியிருக்கும் இத்துறையில், எதற்காக, எந்த இடத்தை, யார் உடனிருக்கத் தொடப்போகிறார் என்று முன்கூட்டிச் சொல்லப்பெறாத பெண்ணின் தசை இறுகியே கிடக்கும்; இறுகிய தசையைக் கொண்டு எந்தச் சோதனையும் செல்லாது.

பக்கவாதம் கண்டவர் பேச்சிழந்த நிலையில் இவ்வுரையாடல் வேறு வடிவம் கொள்கிறது. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பெரும்பாலோர்க்கு வலக்கையும் வலக்காலும் வலுவிழப்பதோடு சொல்லும் போய்விடுகிறது. சிலர்க்குப் பிறர் சொல்வது விளங்கும், தாம் சொல்ல வராது. சிலர்க்கு விளங்குவதே அரிதாகும். பலமொழி பேசியவர்க்கு எம்மொழி முதலில் மீளும் என்பது பற்றிப் பிரான்சு நாட்டில் நூறாண்டுக்கு முன்பே கருத்து வேறுபாடு எழுந்தது. இளமையில் கற்ற மொழியே முதலில் மீளும் என்றார் ரிபோ, 1880-களில். நோய்க்கு முன் மிகுதியும் பழகிய மொழியே மீளும் என்றார் பித்ர், 1895-இல். இரண்டுக்கும் சான்றுண்டு; இரண்டும் பொய்த்த நோயாளரும் உண்டு. வீட்டில் தமிழ், சந்தையில் மலாய், அலுவலகத்தில் ஆங்கிலம் என மூன்றையும் ஆண்ட பிரிக்பீல்ட்ஸ் வாசி ஒருவரை நினைத்துப் பாருங்கள். அவரிடம் மலாயில் "எழுங்கள்" என்றபோது அசையாமல் இருந்தமையால் மூளை மங்கிவிட்டது என்று குறித்துவிட முடியுமா? தமிழில் ஒருமுறை சொல்லிப் பார்த்த பின்னரே அம்முடிவுக்கு வர வேண்டும். மொழி எதுவாயினும் குறுஞ்சொற்றொடரும், கையசைவும், ஆம் அல்ல என்று விடை சொல்லத்தக்க கேள்வியும், விடைக்குக் காத்திருத்தலும் துணை செய்யும். பக்கவாதத்தினின்று மீண்ட ஜேனட் இயோ அம்மையார் 1996-இல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கம், பெட்டாலிங் ஜெயாவைத் தலைமையிடமாகக் கொண்டு, நோயுற்றோரும் குடும்பத்தாரும் சேர்ந்தே பயிலும் வகையில் மீட்புப் பணி செய்து வந்திருக்கிறது. நோயாளியே நோயாளிக்குச் சொல்லும்போது மொழிபெயர்ப்புக்கு வேலை குறைகிறது.

பிரிக்பீல்ட்ஸ் என்றதும் அங்குள்ள பார்வையற்றோரின் உடல்பிடிக் கூடங்களையும் கருதாமல் இருத்தல் இயலாது. 1951-இல் நிறுவப்பெற்ற மலேசியப் பார்வையற்றோர் சங்கம் அவ்வட்டாரத்தில் அமைந்து தொழிற்பயிற்சி அளித்து வந்ததால், துன் சம்பந்தன் சாலையையும் அதன் கிளைத் தெருக்களையும் ஒட்டி அத்தொழில் வேர்கொண்டது. உடல்பிடித்தல் வேறு, இயன்முறை மருத்துவம் வேறு. ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளலாகாது. ஆயினும் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். 1894-இல் இங்கிலாந்தில் நான்கு தாதியர் கூடி அமைத்த உடல்பிடிப்போர் சங்கமே அந்நாட்டு இயன்முறை மருத்துவர் கழகமாக வளர்ந்தது. முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களை, 1915-இல் ஆர்தர் பியர்சன் தொடங்கிய செயிண்ட் டன்ஸ்டன்ஸ் இல்லம் இத்தொழிலில் பயிற்றியது. அவர்களுள் பலர் மருத்துவமனைகளில் பணியாற்றினர்.

கண்ணிழந்தவர்க்கு நோயாளியின் முகச்சுளிப்பு தெரியாது. ஆகவே அவர் கையை வைத்தவுடன் கேட்கிறார்: இந்த இடமா, சற்று மேலா, அழுத்தம் போதுமா, குத்துகிறதா, இழுக்கிறதா? படுத்திருப்பவரும் தலையாட்டித் தப்ப முடியாது. வாய் திறந்தே சொல்ல வேண்டும். "அங்க இல்லீங்க, கொஞ்சம் உள்ள, குடையுற மாதிரி" என்று அவர் சொல்ல, விரல் அரை அங்குலம் நகர்கிறது. மீண்டும் கேள்வி எழுகிறது.